டிடி-214ல் (ராணுவத்தை விட்டு வரும்போது தரும் பணிச் சான்று) ஆப்கானிஸ்தான் பணியே இல்லை, பதக்கங்களும் விடுபட்டிருக்கின்றன. திருத்துவது எப்படி?

கயத்தாறு_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் இருந்து வெளியே வந்த நம்மவர்கள் யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

படிக்க வந்து, 2009 கடைசியில் மாவ்னி திட்டத்தில் (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்த்த திட்டம்) தமிழ் மொழிக்காக ஆர்மியில் சேர்ந்தவன் நான். ஃபோர்ட் ஜாக்சனில் பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமையும் கிடைத்தது. நான்கு வருஷ ஒப்பந்தத்தை முடித்து 2013 நவம்பரில் ஹானரபிள் டிஸ்சார்ஜோடு வெளியே வந்தேன். இடையில் 2012 மார்ச் முதல் டிசம்பர் வரை காந்தஹார் விமானத் தளத்தில் இருந்தேன். என் யூனிட் போகவில்லை. ஆள் பற்றாக்குறையாக இருந்த வேறொரு யூனிட்டோடு என்னை மட்டும் சேர்த்து அனுப்பினார்கள். முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தேன்.

2019ல் ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். பாக்ட் சட்டத்தில் (போர்ப் பகுதியில் நச்சுப் புகைக்கு ஆளானவர்களுக்கான உதவிச் சட்டம்) க்ளெய்ம் போடலாம் என்று நண்பன் சொல்லி, போன வாரம் கவுன்டி வெட்டரன்ஸ் அலுவலரைப் பார்க்கப் போனேன். அவர் டிடி-214ஐ வாங்கி, பேனா முனையை வெளிநாட்டுப் பணிக்காலத்தைக் காட்டும் 12எஃப் கட்டத்தில் வைத்து, "நீங்கள் வெளிநாடே போகவில்லை என்றல்லவா இதில் இருக்கிறது?" என்றார். குனிந்து பார்த்தேன். 0000 00 00. கட்டம் 18ல் ஆப்கானிஸ்தான் என்ற சொல்லே கிடையாது. கட்டம் 13ல் ஆப்கானிஸ்தான் கேம்பெய்ன் மெடல், நேட்டோ மெடல், அங்கே எனக்குக் கொடுத்த ஆர்மி கமெண்டேஷன் மெடல், மூன்றுமே இல்லை.

கையெழுத்துப் போட்ட அன்று ஊருக்கு விமானம் பிடிக்கிற அவசரம். பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும்தான் சரிபார்த்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்து வாசிக்கவில்லை.

இது பணத்துக்காக மட்டும் இல்லை. அங்கே என்னோடு ஒரே கூடாரத்தில் இருந்த ஒருவன் திரும்பி வரவில்லை. அவன் இருந்த இடத்தில் நானும் இருந்தேன் என்பது தாளில் இல்லாமல் போனது மனதை அறுக்கிறது.

கையில் இருப்பவை: 2012க்கான டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள வரிச் சான்று), மூன்று மாத எல்ஈஎஸ் (சம்பளச் சீட்டு) பிரின்ட், புகைப்படங்கள், கமெண்டேஷன் மெடல் சான்றிதழ் (சுவரில் மாட்டியிருக்கிறது). எங்கே தொடங்குவது?

வைகைக்கரை:

தம்பி, டிடி-149 படிவம் போடுங்க. ஆர்மி போர்டு ஃபார் கரெக்‌ஷன் ஆஃப் மிலிட்டரி ரெக்கார்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அவங்கதான் திருத்துவாங்க. தப்பைக் கண்டுபிடிச்ச நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும். நியாயம் இருந்தா தாமதத்தை மன்னிக்கவும் அவங்களுக்கு அதிகாரம் உண்டு. என் மாமனாருக்கு இப்படித்தான் செய்தோம்.

முன்னாள்_42ஏ:

வைகைக்கரை அண்ணன் சொன்ன போர்டு உண்மைதான், ஆனால் அது முதல் படி இல்லை. நான் ஆறு வருஷம் எஸ்-1ல் (யூனிட்டின் ஆட்கள் ஆவணப் பிரிவு) இதே வேலை பார்த்தவன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள் தம்பி. டிடி-214 தயாரிக்கிறவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் ஈஆர்பி தாளில் (அப்போது இருந்த பணிச் சுருக்கப் பதிவு) என்ன இருந்ததோ அதைத்தான் எடுத்துப் போட்டிருப்பார். ஈஆர்பியில் டிப்ளாய்மென்ட் பகுதியை நிரப்ப வேண்டியது உங்கள் சொந்த யூனிட்டின் எஸ்-1. முழு யூனிட்டும் போய் வந்திருந்தால் ஒரே மூச்சில் எல்லோருக்கும் ஏற்றியிருப்பார்கள். தனியாகப் போனவனுக்கு, "அந்த யூனிட் ஏற்றும்" என்று இவர்களும் "சொந்த யூனிட் ஏற்றும்" என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். உங்களைப் போல ஒற்றையாகப் போய் வந்த பலருடைய தாளில் இதே ஓட்டையைப் பார்த்திருக்கிறேன்.

ஆதாரம் தெளிவாக இருந்தால் இதற்கு போர்டு தேவையில்லை. நிர்வாகத் திருத்தமே போதும். கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் ஹியூமன் ரிசோர்ஸஸ் கமாண்டுக்கு, எந்தக் கட்டத்தில் என்ன விடுபட்டிருக்கிறது என்று ஒரு கடிதமும் ஆதார நகல்களும் அனுப்புங்கள். அவர்கள் டிடி-214ஐப் புதிதாக அடிக்க மாட்டார்கள். டிடி-215 என்று தனித்தாள் வரும், இரண்டும் சேர்ந்ததுதான் இனி உங்கள் பதிவு. அவர்கள் மறுத்தால்தான் டிடி-149. நேராக போர்டுக்குப் போனால், கீழே முயன்றீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். போர்டு முடிவு சொல்ல சட்டமே 18 மாதம் வரை இடம் தருகிறது.

அனுப்புவதற்கு முன் மில்கனெக்ட் இணையதளத்தில் உங்கள் முழு பணிக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தேட வேண்டியது டிசிஎஸ் ஆர்டர் (தற்காலிகமாக வேறிடத்துக்கு அனுப்பும் உத்தரவு). எந்த யூனிட்டோடு, எந்த நாட்டுக்கு, எத்தனை நாளுக்கு என்று அதில் இருக்கும். ஆனால் ஆர்டர் மட்டும் போதாது. ஆர்டர் வந்தும் போகாதவர்கள் உண்டு. போனதற்கும் திரும்பியதற்கும் ஆதாரம் வேண்டும். பயண வவுச்சர் இருந்தால் நல்லது. அதைவிட நல்லது டிடி-2796. திரும்பி வரும்போது வரிசையில் நின்று நிரப்பினோமே, "புகை மூட்டத்தில் இருந்தீர்களா, தூக்கம் வருகிறதா" என்றெல்லாம் கேட்கும் உடல்நலப் படிவம், அதுதான். போன தேதி, வந்த தேதி, நாடு எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும். அது பணிக்கோப்பில் இருக்காது, மருத்துவக் கோப்பில் இருக்கும்.

பதக்கங்களில் கேம்பெய்ன் மெடலும் நேட்டோ மெடலும் எளிது. 30 நாள் தொடர்ந்து இருந்தது நிரூபணமானால் அதுவே தகுதி. 2012 முழுக்க அந்தப் போரின் ட்ரான்சிஷன் 1 என்ற காலகட்டத்துக்குள் வருவதால் கேம்பெய்ன் மெடலுக்கு ஒரு வெண்கல நட்சத்திரமும் சேரும், கடிதத்தில் அதையும் கேளுங்கள். கமெண்டேஷன் மெடல் வேறு கதை. அதற்கு பெர்மனென்ட் ஆர்டர் எண் (பதக்கம் வழங்கிய உத்தரவின் எண்) வேண்டும். சான்றிதழை ஃப்ரேமிலிருந்து கழற்றிப் பாருங்கள். எண் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், ஃப்ரேம் போடுகிறவர்கள் ஓர அட்டையால் அதை மறைத்துவிடுவார்கள்.

குமரி_அக்கா:

தம்பி, 42ஏ சொல்வதெல்லாம் சரி. ஆனால் அதை முடித்துவிட்டுத்தான் விஏவுக்கு (முன்னாள் படைவீரர் நலத்துறை) போகணும் என்று தயவுசெய்து காத்திருக்காதீங்க. என் வீட்டுக்காரர் அப்படிக் காத்திருந்து எட்டு மாதத்தை இழந்தார், அந்தப் பணம் திரும்ப வரவே இல்லை.

இன்றைக்கே விஏவில் இன்டென்ட் டு ஃபைல் (க்ளெய்ம் போடப் போகிறேன் என்ற முன்னறிவிப்பு) போடுங்க. ஆன்லைனில் பத்து நிமிஷ வேலை, போனிலும் சொல்லலாம். அதற்கப்புறம் முழு க்ளெய்ம் போட ஒரு வருஷம் இருக்கு. ஜெயித்தால் இன்றைய தேதியில் இருந்து கணக்குப் பார்ப்பாங்க. டிடி-214ல் இல்லை என்பதால் மட்டும் விஏ கதவைச் சாத்தாது. ராணுவ ஆவணங்களைத் தேடி எடுக்க உதவுவது சட்டப்படி அவங்க கடமை. நீங்க கொடுக்கும் எல்ஈஎஸ், 2796 எல்லாத்தையும் அவங்களும் ஆதாரமா எடுத்துக்குவாங்க. கூட இருந்தவங்க யாராவது இருந்தா 21-10210 படிவத்தில் வாக்குமூலம் எழுதி வாங்குங்க.

ஆப்கானிஸ்தானில் இருந்தவங்களுக்கு, பணிக்குப் பிறகு கண்டுபிடித்த ஆஸ்துமா பாக்ட் பட்டியலில் இருக்கு. தளத்தில் குப்பை எரித்த எரிகுழிப் புகையால்தான் வந்தது என்று நீங்க நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தீங்க என்று காட்டினா போதும்.

இன்னொன்று. க்ளெய்ம் போட்டுத் தருகிறேன், வருகிற பணத்தில் பங்கு கொடு என்று கேட்கிறவர்களிடம் போய்விடாதீங்க. கவுன்டி அலுவலர் இலவசமாகவே செய்து தருவார்.

கயத்தாறு_தம்பி:

அக்கா, நேற்று ராத்திரியே இன்டென்ட் போட்டுவிட்டேன். மிக்க நன்றி.

42ஏ அண்ணா, எல்ஈஎஸ்களை எடுத்துப் பார்த்தேன். மார்ச் மாதத்தில் இம்மினன்ட் டேஞ்சர் பே (ஆபத்தான இடத்தில் இருப்பதற்கான படி) 157.50 டாலர். ஏப்ரலில் 225. டிசம்பரில் 30. ஒரு நாளைக்கு 7.50 என்று கணக்குப் போட்டால் மார்ச்சில் 21 நாள், டிசம்பரில் 4 நாள். அதாவது மார்ச் 11ல் தொடங்கி டிசம்பர் 4ல் முடிகிறது. டபிள்யூ-2வில் 12வது கட்டத்தில் க்யூ என்ற எழுத்தும், பக்கத்தில் போர்ப் பகுதிச் சம்பளமும் இருக்கிறது. இது போதுமா?

முன்னாள்_42ஏ:

நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 2012 பிப்ரவரியில் இருந்துதான் அந்தப் படியை நாள் கணக்கில் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் போயிருந்தால் இந்த வழி கிடைத்திருக்காது.

ஆனால் ஒரு சிக்கல். கிர்கிஸ்தானில் மனாஸ் தளம் வழியாகப் போனீர்களா? அப்போது மனாஸும் அந்தப் படிக்குரிய இடம். அங்கே காத்திருந்த நாட்களும் இந்த 21ல் சேர்ந்திருக்கும். டபிள்யூ-2வில் உள்ள க்யூவும் போர்ப் பகுதி என்று மட்டும் சொல்லும், நாட்டைச் சொல்லாது. கட்டம் 18ல் ஆப்கானிஸ்தான் என்று நாட்டின் பெயரோடு தேதி எழுத வேண்டும். இவற்றைத் துணை ஆதாரமாக வையுங்கள், 2796ஐ எப்படியாவது தேடுங்கள்.

நெல்லை_ஸ்பெஷலிஸ்ட்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கணும். காந்தஹாரில் வாரத்துக்கு ஒரு தடவையாவது ராக்கெட் விழும். காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜும் இதே கடிதத்தில் கேட்கலாமா?

முன்னாள்_42ஏ:

கேட்க வேண்டாம். தளத்தில் இருந்ததால் மட்டும் அது வராது. அந்தத் தாக்குதலில் நீங்களே நேரடியாகச் சிக்கியிருக்க வேண்டும், சாட்சி வாக்குமூலங்களோடு ஹியூமன் ரிசோர்ஸஸ் கமாண்டின் அவார்ட்ஸ் பிரிவுக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். இரண்டையும் கலந்தால் எளிதாக முடிய வேண்டிய திருத்தமும் மாட்டிக்கொள்ளும்.

வைகைக்கரை:

நான் சொன்னது மாமனார் காலத்துக் கதைன்னு இப்பத்தான் புரியுது. அவர் கோப்பு செயின்ட் லூயிஸ்ல 1973 ஜூலை தீ விபத்துல எரிஞ்சுபோன 1.6 கோடிக்கும் மேலான கோப்புகள்ல ஒண்ணு. அதனாலதான் போர்டு வரைக்கும் போக வேண்டியதாச்சு. உங்க கோப்பு கம்ப்யூட்டர்ல இருக்கு தம்பி, கிடைச்சுடும்.

கயத்தாறு_தம்பி (நான்கு மாதம் கழித்து):

யாராவது பின்னால் தேடி வந்தால் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பணிக்கோப்பில் டிசிஎஸ் ஆர்டர் இருந்தது. 2796 அதில் இல்லை. வெளியே வரும்போது என் மருத்துவக் கோப்பை நகல் எடுத்து ஒரு காக்கி உறையில் போட்டிருந்தேன், அதற்குள் கிடைத்தது. என் கையெழுத்திலேயே, ஆப்கானிஸ்தான் வந்த தேதி மார்ச் 13, கிளம்பியது டிசம்பர் 2. அண்ணன் சொன்னது போலவே முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு நாள் மனாஸில். இறங்கிய அன்றைய பனி இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கி, பின்னால் இருந்த ஆணிகளை மனைவி ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். ஓர அட்டைக்கு அடியில் அரை அங்குலம் மறைந்திருந்தது. பெர்மனென்ட் ஆர்டர் எண், தேதி, இரண்டும் அங்கேயே இருந்தன.

நேற்று டிடி-215 வந்தது. 12எஃப் திருத்தப்பட்டிருக்கிறது. 18ல் ஆப்கானிஸ்தான், இரண்டு தேதிகளோடு. 13ல் நட்சத்திரத்தோடு கேம்பெய்ன் மெடலும் கமெண்டேஷன் மெடலும் சேர்ந்துவிட்டன. நேட்டோ மெடலை மட்டும் விட்டிருக்கிறார்கள், அதற்கு மறுபடி எழுதியிருக்கிறேன். விஏ க்ளெய்மில் மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள்.

குமரி அக்கா, பரிசோதனைக்கு இன்ஹேலர் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகலாமா?

குமரி_அக்கா:

எடுத்துக்கொண்டு போங்க தம்பி, 2019ல் முதன்முதலில் எழுதிக்கொடுத்த சீட்டிலிருந்து எல்லாமே. அதிலேயே இரண்டு நகல் எடுத்து, ஒன்றை முன்னாடியே க்ளெய்மில் ஏற்றிவிடுங்க. பரிசோதிக்கிறவர் கையில் வாங்கிப் பார்க்காமலேயே விடலாம்.