சுகர் பார்டரில் இருக்கிறதாம். வீட்டில் எல்லாரும் கவனிக்கிறார்கள், நான்தான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்

ஸ்பேர்பார்ட்ஸ்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயது 41, மதுரை பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்குத் திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறங்கும், மதியச் சாப்பாடுகூட கல்லாவிலேயே. போன மாதம் மச்சான் சும்மா இருக்காமல் மாஸ்டர் செக்கப்புக்குக் கூட்டிப்போனான். வெறும் வயிற்றில் 117, மூன்று மாத சராசரி 6.2, எடை 86 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "பார்டர்ல இருக்கீங்க, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நடங்க, சோத்தைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் அப்பாவுக்கு இருபது வருடமாகச் சுகர், காலில் ஒரு விரல் எடுத்தாயிற்று. அதனால் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனைவி அன்றிலிருந்து இரவில் சப்பாத்திதான் போடுகிறாள், காலையில் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், சர்க்கரை டப்பா பரணுக்குப் போய்விட்டது. ஒன்பதாவது படிக்கும் மகள் ஐந்தரைக்கு அலாரம் வைத்து என்னை எழுப்புகிறாள். நான் எழுந்து உட்கார்ந்து "இடுப்பு பிடிச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுகிறேன். கடைக்குப் போனால் ஐந்து டீ, சனிக்கிழமை ராத்திரி பசங்களோடு பரோட்டா. வீட்டில் கேட்டால் இல்லவே இல்லை என்பேன். போன வாரம் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து பேக்கரி பில் வந்திருக்கிறது. தேங்காய் பன் இரண்டு, பால் பன் ஒன்று. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பில்லை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து மாட்டிவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது.

கேள்வி இதுதான். இந்த வைராக்கியம் என்பது எப்படி வரும்? அவள் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் சரியாகிவிடுவேனோ என்றும் தோன்றுகிறது. இல்லை, ஜிம்மில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடலாமா? காசு போச்சே என்றாவது போவேன்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். சமைப்பது அண்ணி, ஒளித்துவைப்பது அண்ணி, எழுப்புவது பாப்பா, டெஸ்டுக்குக் கூட்டிப்போனது மச்சான். இதில் உங்கள் வேலை என்று ஏதாவது இருக்கிறதா? பொய் சொல்வது மட்டும்தான் உங்கள் பங்கு. இப்போது அண்ணி இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று வேறு கேட்கிறீர்கள்!

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை. தினமும் இட்லித் தட்டின் ஓரத்தில் நானே பிரித்து வைப்பேன், அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே விழுங்குவார், ஆறு வருடம் இப்படியே போனது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இருபது நாள் ஊருக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது அட்டையில் பதினொரு மாத்திரை இருந்தது, தீர்ந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதே பதினொன்று. "நீ இல்லையே, மறந்துட்டேன்" என்கிறார். என் மாத்திரை என்ற நினைப்பே அவருக்கு இல்லை, அது தட்டில் வரும் ஒரு பதார்த்தம். அன்றோடு நிறுத்திவிட்டேன். முதல் ஒரு மாதம் எனக்குத்தான் தூக்கம் போனது. இப்போது அவரே வாங்கி அவரே போடுகிறார். மிக்சரை மட்டும் விடவில்லை, அது வேறு பஞ்சாயத்து.

இன்னொன்றும் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். அண்ணி கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள்?

ஊசிமருந்து எழுதியது:

நான் அரசு மருத்துவமனையில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். மல்லிகைப்பந்தல் சொன்னது பத்து வார்டு நிறைய உண்டு. டிஸ்சார்ஜ் அன்றைக்கு மாத்திரை நேரம் சொல்ல ஆரம்பித்தால் நோயாளி ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார், மனைவிதான் நோட்டில் எழுதுவார்.

முதலில் உங்கள் எண்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, மூன்று மாத சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. சராசரி 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. இந்த முந்தைய நிலையில் நாடு முழுக்க 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது, ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை. இடுப்பு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 11 செ.மீ. கூடுதல். எடையை விட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஒரு டேப் போதும்.

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. வீட்டில் பொய் சொல்லலாம், அந்த அணுக்களிடம் முடியாது தம்பி.

இப்போது நம்பிக்கை தரும் விஷயம். உங்களைப் போல் பார்டரில் இருந்த 531 பேரைச் சென்னையில் ஒரு குழு மூன்று வருடம் கவனித்தது, முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருடத்துக்குள் நீரிழிவு வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 ஆக இருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 40 அல்லது 41. அதாவது உங்கள் காலுக்கு ஒரு மாத்திரையின் பலம் இருக்கிறது.

ஐந்தரை அலாரத்தை விட்டுவிடுங்கள், அந்தப் பிள்ளையாவது தூங்கட்டும். ராத்திரி கடை மூடி, சாப்பிட்டபின் 15 நிமிடம் தெருவில் நடங்கள். தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் சாப்பிட்ட பிறகு நடப்பதில் ஒரு தனி லாபம் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு, அதற்கு மெதுவாக வந்து சேரலாம். கல்லாவில் ஸ்டூல்தானே? வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கையை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். ஜிம் காசு இப்போது வேண்டாம், போகாத ஜிம்முக்குக் கட்டிய ரசீதுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

சப்பாத்தி சாப்பிட்டால் சுகர் வராது என்பது நம் ஊர் நம்பிக்கை. நாலு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் மாவுச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டோடு நிறுத்தி, மீதி இடத்தைக் கூட்டு, பொரியல், பயறால் நிரப்புங்கள். வெந்தயத் தண்ணீர் குடித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அது பரோட்டாவுக்குப் பரிகாரம் ஆகாது.

கடைசியாக அப்பா விஷயம். ஒரு பெரியவர் எங்கள் வார்டுக்கு வந்தார், செருப்போடுதான் வந்தார். கழற்றச் சொன்னால் வரவில்லை. அடியில் பார்த்தால் ஒரு ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் ஏறியிருக்கிறது, எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியாது, வயலில் பகல் முழுக்க நடந்திருக்கிறார். வலி இல்லை, நரம்பு செத்துவிட்டது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்பாவின் காலைத் தினமும் யார் பார்க்கிறார்கள்? அந்த ஒரு வேலையை இன்று ராத்திரியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நைட்ஷிப்ட் எழுதியது:

எல்லாரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் இந்தப் பொறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. ஸ்பின்னிங் மில்லில் 12 மணி நேர ஷிப்ட், வாரத்துக்கு வாரம் பகலும் ராத்திரியும் மாறும், கேன்டீனில் சோறும் கிழங்கும்தான். வெளியே வந்தால் ரோட்டில் நடைபாதை கிடையாது, லாரி, அதைத் தாண்டினால் நாய். மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் தொடங்கினார்கள், நல்ல காரியம்தான், ஆனால் நான் நடக்கப் போவதற்கு முதலில் பஸ் பிடிக்க வேண்டும். எனக்குச் சுகர் வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "வாயைக் கட்டலையா?" அக்கா சொன்ன கணக்கையே பாருங்களேன், ஒழுங்காக இருந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்திருக்கிறது. அவர்களிடம் போய் யார் பதில் சொல்வது?

ஊசிமருந்து எழுதியது:

நைட்ஷிப்ட் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். வந்துவிட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பேச்சு எனக்கும் பிடிக்காது. வேலை, தூக்கம், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. மில்லில் ஷிப்ட் மாற்றுவது உங்கள் கையில் இல்லை. நாளைக்கு மாத்திரை போடுவதும் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 2021இல் இருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன், நான்கு மாத மாத்திரையும் அரிசி டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. "விலை ஜாஸ்தியாமே, அதான் எடுத்து வெச்சிருக்கேன்" என்றது. கண்ணைக் காட்டினீர்களா, இல்லையா?

நைட்ஷிப்ட் எழுதியது:

இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. சரி, போகிறேன்.

ஸ்பேர்பார்ட்ஸ்கடை எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், முதலில் மல்லிகைப்பந்தல் மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் மனதில் நின்றுகொண்டது.

முதலில் டீ. டீ மாஸ்டரிடம் சர்க்கரையைத் தனியாகத் தரச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் கொட்டித் தந்தார். வீட்டு ஸ்பூனில் மட்டமாக அளந்தால் இரண்டரை. ஐந்து டீ, பன்னிரண்டரை ஸ்பூன், கிட்டத்தட்ட ஐம்பது கிராம். அதைப் பழைய இன்ஜின் ஆயில் மூடியில் கொட்டி கல்லா மேல் வைத்தேன், மூடி நிறைந்து வழிந்தது. இப்போது மூன்று டீ, அதில் ஒன்றில் மட்டும் சர்க்கரை. சர்க்கரை இல்லாத டீ கஷாயம் மாதிரிதான் இருக்கிறது, பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடையிலிருந்து வீடு ஒன்றரை கிலோமீட்டர். நான்கு ராத்திரி வண்டியைக் கடைக்குள்ளேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன், மூன்று ராத்திரி சாப்பிட்டபின் தெருவில் நடந்தேன், மீதி ஐந்து நாள் ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை பரோட்டா இரண்டு. வீட்டுக்கு வந்து நானே சொல்லிவிட்டேன். அலாரம் இனிமேல் என் போனில், ஆறேகாலுக்கு.

அப்பா காலைப் பார்க்கிறேன். முதல் நாள் காலை இழுத்துக்கொண்டார், கூச்சம். மறுநாள் தானே ஸ்டூலில் தூக்கி வைத்தார்.

அப்புறம் அவளையும் டெஸ்டுக்குக் கூட்டிப்போனேன். மகள் பிறந்த சமயத்தில் எடுத்ததுதான் கடைசியாம், பதினான்கு வருடம். சுகர் நார்மல். ஹீமோகுளோபின் 9.1. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வயசாகிறது என்று நான்தான் கேலி பண்ணினேன். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பேக்கரி பில் இன்னும் ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். எடுக்கவில்லை.

ஊசிமருந்து எழுதியது:

பெண்களுக்கு 12க்குக் கீழே போகக்கூடாது, 9.1 என்றால் கவனிக்க வேண்டியதுதான். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடவிடாதீர்கள், டீ அதை உடம்பில் ஏறவிடாது. முன்னேயும் பின்னேயும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், கூட எலுமிச்சைச் சாறு குடித்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

அண்ணா, மாத்திரையை அண்ணியே போட்டுக்கொள்வார்கள். நீங்கள் தட்டில் வைக்க வேண்டாம், காலை டீயை மட்டும் நீங்கள் போட்டுப் பழகுங்கள்.