பிள்ளை காணோம்னு டிவி வண்டி வந்து நின்ன தெருக்கள்: பெங்களூர்ல நீங்க பார்த்தது என்ன?

ஈஜிபுரா வாசி
பையன் அன்னிக்கு ராத்திரியே கிடைச்சுட்டான், அதனால பேர், தெரு எதுவும் வேண்டாம். மனசை விட்டுப் போகாதது ஒண்ணுதான். அந்தம்மா வாசப்படியில உட்கார்ந்திருக்காங்க, மடியில பையனோட ஒத்தை ஸ்கூல் ஷூ. கேமரா அவங்க கண்ணுகிட்டயே போய் நிக்குது. கீழே கன்னடத்துல ஓடின வரி, 'அம்மா ஏன் அழவில்லை?' அந்த ஒரு துண்டையே திருப்பித் திருப்பிப் போட்டாங்க. சாயங்காலம் பால் பூத்துல, 'பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே'ங்கிறதுதான் பேச்சு. அத்தனை கூட்டம் வேடிக்கை பார்த்துச்சே, முனை பேக்கரி கேமராவைப் பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

சிசிடிவி மெக்கானிக்
பேக்கரி கேமரான்னதும் சொல்லத் தோணுது. 1 டிபி டிஸ்க், நாலு 2 மெகாபிக்சல் கேமரா, ராப்பகலா ஓடினா ஒரு வாரம், பத்து நாள்தான் நிக்கும். அப்புறம் பழசு மேலயே புதுசு ஏறிடும். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் பதிவாகுற மாதிரி வெச்சா கூடுதல் நாள் நிக்கும், ஆனா நடுநடுவே துண்டு விழும். அதைப் பார்த்துட்டு 'கடைக்காரன் அழிச்சுட்டான்'னு கிளப்பிவிடுறாங்க, பாவம்.

இன்னொண்ணு டிவிஆர், அதாவது கேமராப் பதிவு சேருற பெட்டி, அதோட கடிகாரம். உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்துட்டா, கரண்ட் போய் வரும்போதெல்லாம் நேரம் தப்பும். அடுத்தடுத்த கடையில ஒண்ணு 4.10 காட்டும், இன்னொண்ணு 4.32 காட்டும். 'அந்த 22 நிமிஷம் பிள்ளை எங்கே?'ன்னு விவாதமே நடத்திடுவாங்க. முதல் வேலையா டிவிஆர் திரை பக்கத்துல ஒரு போனைப் பிடிச்சு, ரெண்டு நேரமும் தெரியுற மாதிரி இன்னொரு போன்ல போட்டோ எடுங்க. அப்புறம் ஒரிஜினல் ஃபார்மட்டுலயே பென்டிரைவ்ல காப்பி. திரையை போன்ல படம் பிடிச்சு குரூப்புல போட்டா முகமும் தெரியாது, வண்டி நம்பரும் தெரியாது. கோர்ட்ல நிக்கணும்னா புது சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ், ஃபைலை யாரும் மாத்தலைன்னு காட்டுற ஹேஷ் எண்ணோட வேணும்.

ஶ்ரீராம்புரம்
ஈஜிபுரா, 'அம்மா அழல' பேச்சுக்குப் பெரிய பலியே இருக்கு. ஆஸ்திரேலியா, உலூரு பாறை, 1980. டிங்கோ நாய் கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போச்சுன்னு லிண்டி சேம்பர்லைன் கத்தினாங்க. டிவியில கல்லு மாதிரி இருக்காளேன்னு ஊரே சந்தேகப்பட்டுச்சு. கார்ல குழந்தை ரத்தம்னு நிபுணர்கள் சாட்சி சொல்ல, 1982ல ஆயுள் தண்டனை. பிற்பாடு பார்த்தா அந்த 'ரத்தத்துல' முக்கியமான ஒரு தெறிப்பு, சத்தம் குறைக்க கார் கம்பெனியில அடிச்ச பூச்சு. 1986ல டிங்கோ குகைகள் பக்கம் குழந்தையோட சட்டை கிடைச்ச பிறகுதான் வெளியே விட்டாங்க. டிங்கோதான்னு சான்றிதழ்ல எழுத 2012 ஆச்சு.

ஒயிட்ஃபீல்டு 66
மீடியாவையே குத்தம் சொன்னா எப்படி? 2024 ஜனவரியில இங்கே காணாம போன பையனை மூணாம் நாள் ஹைதராபாத் மெட்ரோவுல கண்டுபிடிச்சது போலீஸ் இல்ல, போட்டோவைப் பார்த்திருந்த ஒரு பயணி. போட்டோ பரவலைன்னா அவன் கிடைச்சிருப்பானா?

ஈஜிபுரா வாசி
போட்டோ போட வேண்டாம்னு நான் எங்கேங்க சொன்னேன்? தாயோட கண்ணைப் போட்டதைத்தான் சொன்னேன்.

மடிவாளா
எல்லாம் சரி, வெளி மாநிலத்துல இருந்து வர்றவங்களை முதல்ல விசாரிக்கணும். போர்வை விக்கிறேன்னு தெருத்தெருவா வர்றாங்க.

சாமராஜ்பேட்டை
மடிவாளா, இதை எங்க ஏரியாவுல வந்து சொல்லாதீங்க. 2018 மே மாசம் வேலை தேடி வந்த ராஜஸ்தான் பையனைப் பிள்ளை பிடிக்கிறவன்னு சொல்லி, கையைக் கட்டி, கிரிக்கெட் மட்டையால அடிச்சுக் கொன்ன இடம் இது. அப்போ எல்லார் போன்லயும் சுத்தின வீடியோ கராச்சியில எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்ல வந்தவங்க குழந்தையைத் தூக்குவாங்க, கடைசியில திரும்பக் கொண்டு வந்து இறக்கிவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவாங்க. அந்தக் கடைசியை வெட்டிட்டுத்தான் அனுப்பினாங்க. அதே மாசம் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த இடத்துல குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த அம்மாவை அடிச்சே கொன்னாங்களே, அவங்க எந்த வெளி மாநிலம்? நம்ம தமிழ்நாட்டு அம்மா. வாட்ஸ்அப்ல வந்த செய்தியை ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல அனுப்ப முடியாதுன்னு வெச்சது அந்த ஜூலையிலதான்.

கே.ஆர்.புரம் அக்கா
சண்டை இருக்கட்டும். சின்னக் குழந்தைன்னா முதல்ல வீட்டைப் பாருங்க: சம்ப் (தரைக்கடியில இருக்கிற தண்ணித் தொட்டி) மூடி, மாடித் தொட்டி, நிறுத்தின கார், கட்டிலுக்கு அடி, வாஷிங் மெஷின். இந்த ஊர்ல சம்ப் இல்லாத வீடு ஏது? பார்த்துக்கிட்டே அவசர எண் 112க்கு அடிங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லுங்க.

'24 மணி நேரம் ஆகட்டும்'னு ஸ்டேஷன்ல சொன்னா ஒத்துக்காதீங்க. பிள்ளை காணோம்னா எஃப்ஐஆர் போட்டே ஆகணும், கடத்தலாவே எடுத்துக்கணும்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 'எல்லை எங்களது இல்லை'ன்னு சொன்னா ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்க, அதை எந்த ஸ்டேஷன்லயும் போடலாம். காப்பி இலவசம், கேட்டு வாங்குங்க. நாலு மாசத்துல கிடைக்கலைன்னா கேஸ் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போகணும்.

போஸ்டர்ல உயரம், உடுத்தின துணி, செருப்பு, தழும்பு, பேசுற பாஷை, தேதி, ஸ்டேஷன் நம்பர். அப்பா அம்மா நம்பர் வேண்டாம். 'பிள்ளை எங்கிட்ட இருக்கு, பணம் அனுப்பு'ன்னு ராத்திரி பூரா போன் வரும். கிடைச்ச அன்னிக்கே தேதி போட்டு 'கிடைத்துவிட்டான்'னு போட்ட இடத்துல எல்லாம் சொல்லிட்டுப் போட்டோவை எடுத்துடுங்க. அதுக்கப்புறம் பேர், ஸ்கூல், முகம் போடுறவங்களுக்கு சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவுல ஆறு மாசம் ஜெயில், ரெண்டு லட்சம் அபராதம் வரைக்கும் இருக்கு. டிவிக்கும் அதுதான், நம்ம குரூப்புல போடுறவங்களுக்கும் அதுதான்.