பழவேற்காட்டுக்கு 18 அடி ஃபைபர் படகு: 9.9 போதுமா, 15 வேணுமா?

வெள்ளாப்பு
18 அடி ஃபைபர் படகு. வெறும் படகு 300 கிலோ பக்கம். மூணு ஆள், நண்டு வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன் எல்லாம் ஏத்தினா 750 கிலோ வருது. வாரத்துல நாலு நாள் ஏரிக்குள்ள, மத்த நாள் முகத்துவாரம் தாண்டி கரையில இருந்து 4, 5 கிலோமீட்டர். எஞ்சின் மாட்டுற பின்பலகை உயரம் 16 அங்குலம். 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எடுக்கலாமா, 15 எடுக்கலாமா, இல்ல பழைய டூ ஸ்ட்ரோக் 15 ஒண்ணு விலைக்கு வருது, அதைப் பிடிக்கலாமா?

சுக்கான்
முதல்ல எடையைப் பாருங்க, குதிரைத்திறன் பிறகு. படகு தண்ணியைக் கிழிச்சு மேல ஏறி ஓடணும்னா ஒரு குதிரைத்திறனுக்கு 20, 25 கிலோவுக்கு மேல சுமை இருக்கக்கூடாது. உங்களுக்கு 15 போட்டாலே ஒண்ணுக்கு 50 கிலோ. ஏறாது. ஏறாத படகுக்கு வேக வரம்பு நீளத்துலதான் இருக்கு: தண்ணியைத் தொடுற நீளம் பதினாறரை அடின்னா ஐந்தரை நாட், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். அமைதியான ஏரியில அந்த வேகத்துக்கு 5 குதிரைத்திறனே போதும். மிச்சம் காத்துக்கும் முகத்துவார நீரோட்டத்துக்கும். 9.9 ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்க, எண்ணெய்க் காசு மிச்சம்.

ஸ்பானர்_16
அந்தக் கணக்கு குண்டான பாய்மரப் படகுக்குப் போட்டது. நம்ம ஃபைபர் படகு ஒடுக்கம், அடியும் தட்டை. 10 கிலோமீட்டர்ல சுவர் ஒண்ணும் நிக்காது. எண்ணெய் கூடக் குடிக்கும், ஆனா 12, 13 வரைக்கும் போகும். வலை இல்லாம மூணு பேரோட திரும்பி வரும்போது சுமை 500 கிலோவுக்குக் கீழ, அப்போ 15 போட்டா பாதி தூக்கும்.

அதோட ஒண்ணு கவனிங்க. சுஸுகியில 9.9 B, 15, 20 மூணும் ஒரே 327 சிசி பிளாக், மூணும் 44 கிலோ பக்கம். டொஹாட்சுவிலயும் 9.9, 15, 20 ஒரே 333 சிசி. தூக்குற எடை ஒண்ணுன்னா 15 எடுத்துட்டு முக்கால் த்ராட்டில்ல ஓட்டுறதுதான் புத்தி. யமஹா 9.9-ல 212 சிசி வகை ஒண்ணு இருக்கு, அது 40 கிலோ பக்கம். அந்த மாதிரி சின்ன பிளாக் எடுத்தாத்தான் எடையில லாபம்.

சுக்கான்
ஸ்பானர் அண்ணே, ஒரே பிளாக்னு சொன்னது சரி. ஆனா விலையில வித்தியாசம் இருக்கே. அந்தக் காசுக்கு ஒரு உபரி ப்ரொப்பெல்லரும் தண்ணி பிரிக்கிற ஃபில்டரும் வாங்கிடலாம். அது ரெண்டும்தான் இந்தப் படகுக்கு 5 குதிரைத்திறனை விடப் பெருசு.

ஓடக்கோல்
ரெண்டு பேரும் தப்பான எஞ்சினுக்குச் சண்டை போடுறீங்க. பழவேற்காடு ஏரி சராசரி ஒரு மீட்டர் ஆழம், கோடையில பல இடத்துல முழங்கால் தண்ணி, அடியில சேறு. நீங்க பேசுற அவுட்போர்டு, அதாவது பின்பலகையில மாட்டுற எஞ்சின், அந்தத் தண்ணியைத்தான் உறிஞ்சித் தன்னைக் குளிர வைக்குது. சேறு உள்ள போனா வாட்டர் பம்ப் ரப்பர் இம்பெல்லர் தேயும், குளிர்ச்சிப் பாதையில மண் படியும். காத்துல குளிர்ற ஒத்தை சிலிண்டர் டீசல், லாங் டெயில் (நீளத் தண்டு முனையில ப்ரொப்பெல்லர்) போடுங்க. தண்ணியே வேண்டாம். ஆழம் குறைஞ்சா கைப்பிடியை அமுக்கினா ப்ரொப்பெல்லர் மேல வந்துரும். 10 குதிரைத்திறன் டீசல் முழு வேகத்துல மணிக்கு இரண்டேகால் லிட்டர் பக்கம். அதே அளவு பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் 4 லிட்டர். டூ ஸ்ட்ரோக் 15 முழுசா முறுக்கினா 7 லிட்டர். பதிவுள்ள நாட்டுப்படகுக்கு வரிவிலக்கு டீசலும் இருக்கு.

ஸ்பானர்_16
எண்ணெய்க் கணக்கு சரி. மத்ததையும் சொல்லணும்ல? லாங் டெயில்ல பெரும்பாலும் நியூட்ரலும் இல்ல, ரிவர்ஸும் இல்ல. ஸ்டார்ட் பண்றப்ப வால் தண்ணிக்கு மேல, ப்ரொப்பெல்லர் திறந்தபடி சுத்தும். வலை வாங்கும்போது படகை அரை அடி பின்னால எடுக்க முடியாது. முகத்துவாரத்துல பின்னாலருந்து அலை வந்து படகைக் குறுக்கே திருப்புறப்ப, அந்த நீள வாலைத் தோளால தள்ளித் திருப்புறதும், அவுட்போர்டு கைப்பிடியைத் திருப்புறதும் ஒண்ணா? அதிர்வும் இருக்கு. பின்பலகை ஒட்டு அசைஞ்சு ஃபைபர் கீறல் விடுறது டீசல் படகுலதான் அதிகம்.

ஓடக்கோல்
முகத்துவாரத்துக்கு அவுட்போர்டு நல்லது, ஒத்துக்கறேன். ஆனா அவர் வாரத்துல நாலு நாள் ஏரிக்குள்ள. நாலு நாளுக்கு எஞ்சின் எடுக்கணுமா, மூணு நாளுக்கா?

சுக்கான்
உயிருக்கு ஆபத்து எந்த மூணு நாள்ல இருக்கோ அதுக்கு எடுக்கணும்.

சேத்துப் பிரச்சினைக்கு வழி இருக்கு. இம்பெல்லரை வருஷம் ஒருதரம்னு புத்தகம் சொல்லும். சேத்துல ஓடினா ஆறு மாசத்துக்கு ஒருதரம் கழட்டிப் பாருங்க, இறக்கை ஒருபக்கமா வளைஞ்சே நின்னா மாத்திடுங்க. சின்னத் தண்ணிக் குழாயில பீய்ச்சுற தாரை மெலிஞ்சா எஞ்சினை நிறுத்திட்டு மெல்லிய நைலான் கம்பியை அந்த ஓட்டைக்குள்ள விடுங்க. பாதி நேரம் மண்ணுதான் அடைச்சிருக்கும், பம்ப் நல்லாவே இருக்கும். ஆழம் குறைஞ்ச இடத்துல எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி ஷாலோ டிரைவ் கொக்கியில நிறுத்தி மெதுவா ஓட்டலாம், தண்ணி உறிஞ்சுற ஓட்டை மட்டும் மூழ்கி இருக்கணும். கரைக்கு வந்ததும் டிரம்ல நல்ல தண்ணி வச்சு 10 நிமிஷம் ஓட விடுங்க. தண்ணி இல்லாம கரையில "ஒரு தடவை பாத்துக்கலாம்"னு ஸ்டார்ட் பண்ணினா அரை நிமிஷத்துல இம்பெல்லர் கருகும்.

பருத்தித்துறைக்காரன்
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் 18, 19 அடி படகெல்லாம் டூ ஸ்ட்ரோக்தான், 15, 25, 40 எண்டு. காரணம் வேகமில்லை, மண்ணெண்ணெய். யமஹா EK வரிசை மண்ணெண்ணெய்க்கெண்டே செய்தது. பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி ரெண்டு மூண்டு நிமிசம் ஓடவிட வேணும். இல்லாட்டி காபரேட்டருக்குள்ள மண்ணெண்ணெய் நிண்டு அடுத்தநாள் கயிறு இழுத்தே கை போகும். பெற்றோல் எஞ்சினுக்கு அப்பிடியே மண்ணெண்ணெய் ஊத்தினா தட்டும். ஒக்டேன் குறைவு, பிஸ்டன் தலையில கரி ஏறும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஊத்தவே கூடாது. எரியாத மண்ணெண்ணெய் சுவரால வழிஞ்சு எஞ்சின் ஒயிலுக்க போகும், ஒயில் மட்டம் கூடிக்கொண்டே வரும், பேரிங் போயிடும்.

ஆனா மண்ணெண்ணெயை நம்பி எஞ்சின் வாங்காதேங்கோ. 2022 ஓகஸ்டில இஞ்ச லீட்டர் 87 ரூபாயிலயிருந்து ஒரே இரவில 340 ஆச்சு. எஞ்சின் பத்து வருசம் நிக்கும், மானியம் நிக்காது.

வெள்ளாப்பு
மண்ணெண்ணெய் எண்ணம் இல்லங்க அண்ணே, பெட்ரோல்தான். அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் 15-ஐப் பத்திச் சொல்லுங்க. 246 சிசி, 36 கிலோ, கைக்கு லேசா இருக்கு. ராத்திரி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்.

ஸ்பானர்_16
அதுல தப்பில்ல. படுக்க வைக்கிறதுல கூட டூ ஸ்ட்ரோக்தான் சுலபம். ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கவர்ல படம் போட்டிருக்கிற பக்கமாத்தான் படுக்க வைக்கணும், மாத்திப் போட்டா ஆயில் சிலிண்டருக்குள்ள ஏறிடும். காலையில கயிறு இழுத்தா கல்லு மாதிரி நிக்கும்.

பழசு வாங்கப் போறப்ப கையில ஸ்பார்க் பிளக் ஸ்பானர், கம்ப்ரஷன் கேஜ், பெரிய ஸ்க்ரூ டிரைவர் மூணும் வேணும். ரெண்டு சிலிண்டர் கம்ப்ரஷனும் 10 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போகணும். எண் பெருசா இருக்கிறதை விட ரெண்டும் ஒண்ணா இருக்கிறது முக்கியம். கியர் பெட்டி அடித் திருகைக் கழட்டி ரெண்டு சொட்டு விடுங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி ஏறியிருக்கு. பெரும்பாலும் காரணம் நரம்பு வலை: ப்ரொப்பெல்லருக்குப் பின்னால சுத்தி உள்ள போய் ஷாஃப்ட் சீலை அறுத்திருக்கும். சீல் மலிவு, ஆனா அப்படியே ஓடியிருந்தா கியரும் பேரிங்கும் துருப்பிடிச்சிருக்கும், அப்போ விலையைப் பாதியாக்குங்க. துத்தநாகத் துண்டு (எஞ்சின் உடம்புக்குப் பதிலா அரிச்சுப் போகட்டும்னு மாட்டுறது) பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா பரவாயில்ல, அது வேலை செஞ்சிருக்கு. அதுமேல பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தா ஓடிடுங்க. அந்த உப்பெல்லாம் எஞ்சின் உடம்பைத் தின்னிருக்கும்.

சூடான எஞ்சினைக் காட்டினா வாங்காதீங்க. ஆறின எஞ்சின் நாலு இழுப்புக்குள்ள பிடிக்கணும்.

சுக்கான்
டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் செலவையும் சேருங்க. 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. TC-W3 முத்திரை உள்ளதுதான், பைக் டூ-டி ஆயில் கூடாது. அது காத்துல சூடாகுற எஞ்சினுக்குச் செஞ்சது, தண்ணியில குளிர்ற எஞ்சின்ல பிஸ்டன் ரிங்கை ஒட்ட வைக்கும்.

இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அவுட்போர்டுகளுக்குப் பொதுவா கையேட்டுல 10 சதவீதம்தான் வரம்பு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து கேன் அடியில தனியா இறங்கிடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் பெட்ரோலோட மேலேயே நின்னுடும். எஞ்சின் அந்த அடித் தண்ணியை இழுத்தா ஆயிலே இல்லாம ஓடும், பிஸ்டன் பிடிச்சுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா நின்னு போகும், அவ்வளவுதான்.

ஸ்பானர்_16
நின்னு போறது முகத்துவார நடுவுல நின்னா? எஃப்ஐ, அதாவது காபரேட்டர் இல்லாம பெட்ரோலைப் பீய்ச்சுற எஞ்சின்ல தண்ணி ஏறினா கடல்ல ஒண்ணும் செய்ய முடியாது. காபரேட்டர்னா கிண்ணத் திருகைக் கழட்டித் தண்ணியை வடிச்சுட்டு மாட்டி அஞ்சு நிமிஷத்துல கிளம்பலாம்.

சுக்கான்
அதனாலதான் ஃபில்டரைச் சொன்னேன். 10 மைக்ரான் தண்ணி பிரிக்கிற ஃபில்டர், கீழ கண்ணாடிக் கிண்ணம் வச்சது. தினம் காலையில கண்ணால பாத்துட்டு வடிக்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல கேன்ல பெட்ரோல் வைக்கக்கூடாது. இதைச் செஞ்சா எஃப்ஐ பாட்டரி இல்லாமலே கயித்துல பிடிக்கும். செய்யாதவங்க காபரேட்டர் வாங்கட்டும், சண்டையில்ல.

ஓடக்கோல்
டீசல்ல இந்தக் கதையே இல்லைன்னு திரும்பவும் சொல்லி வைக்கிறேன்.

வெள்ளாப்பு
சரி, ப்ரொப்பெல்லர்னு சொன்னீங்களே?

சுக்கான்
அதுதான் எல்லாரும் விடுற இடம். 15 டூ ஸ்ட்ரோக்குல வர்ற ப்ரொப்பெல்லர் 9¼ அங்குல விட்டம், 9¾ அங்குல பிட்ச். பிட்ச்னா வழுக்காம ஒரு சுத்துக்கு முன்னால போற தூரம். கியர் 2.08-க்கு 1. எஞ்சின் 5,000 சுத்துனா ப்ரொப்பெல்லர் 2,400. வழுக்கலே இல்லைன்னா மணிக்கு 35 கிலோமீட்டர் போகணும். உங்க படகு சுமையோட போறது 11. மூணுல ரெண்டு பங்கு வழுக்கல். அந்த ப்ரொப்பெல்லர் லேசான படகுக்கு வெட்டினது. பளுவுக்கு 7 இல்ல 8 பிட்ச் வேணும்.

சோதிக்க ஒரே வழி: ஸ்பார்க் பிளக் வயர்ல சுத்துற சின்ன டேக்கோமீட்டர் வாங்குங்க. முழுச் சுமையோட, முழு த்ராட்டில்ல எவ்வளவு சுத்துதுன்னு பாருங்க. கையேட்டுல 4,500 முதல் 5,500 வரைன்னு இருந்தா மேல்பாதியில நிக்கணும். 4,200-ல மூச்சு வாங்குதுன்னா பிட்ச் அதிகம். ஒரு அங்குலம் குறைச்சா 150, 200 சுத்து கூடும். இதைப் பாக்காம "எஞ்சினுக்கு இழுவை பத்தல"ன்னு 15-ல இருந்து 25-க்குப் போறவங்கதான் அதிகம். கியரே 2.92 வச்ச ஹை த்ரஸ்ட் 9.9 வகையும் இருக்கு, பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவா சுத்தும். தள்ளுறதுக்கு அதுதான் ராஜா, எடைதான் கூட.

ஸ்பானர்_16
இதுல சுக்கான் தம்பி சொல்றதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. 9.9-க்குச் சரியான ப்ரொப்பெல்லர் போட்டா, தப்பான ப்ரொப்பெல்லர் போட்ட 15-ஐ ஏரியில தோக்கடிக்கும். முகத்துவாரத்துல மட்டும் எனக்கு 15 வேணும்.

வெள்ளாப்பு
அப்போ 15 ஃபோர் ஸ்ட்ரோக், 7 இல்ல 8 பிட்ச். ஷார்ட் ஷாஃப்டா லாங்கா? 16 அங்குலம் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது.

ஓடக்கோல்
லாங் எடுத்தீங்கன்னா ஏரியில உழுவீங்க. லாங் 20 அங்குலப் பலகைக்கு, உங்க படகுல 4 அங்குலம் கூடக் கீழ தொங்கும்.

ஸ்பானர்_16
ஷார்ட் 15 அங்குலப் பலகைக்கு. உங்களுக்குத் தட்டு, அதாவது ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்கிற அந்தப் படுக்கைத் தகடு, படகு அடியை விட ஒரு அங்குலம் மேல நிக்கும். ஏரியில ஓடும். அலையில பின்பக்கம் தூக்கினதும் காத்தைப் பிடிச்சு எஞ்சின் வீல்னு கத்தும், தள்ளாது. முகத்துவாரத்துல அது நடக்கக்கூடாது.

ஷார்ட் எடுத்துட்டுப் பலகையை வெட்டுங்க. முதல்ல திரும்ப அளங்க: கிளாம்ப் உக்கார்ற இடத்துல இருந்து அடி வரைக்கும் செங்குத்தா, சாய்வா இல்ல. 16 உறுதியானா கிளாம்ப் அகலத்துக்கு மட்டும், ரெண்டு பக்கமும் 2 அங்குலம் விட்டு, ஒன்றரை அங்குலம் ஆழம் வெட்டுங்க. தட்டு அடியை விட அரை அங்குலம் கீழ வரும், அதுதான் வேணும். ஒரு அங்குலத்துக்கு மேல கீழ போக வேண்டாம். வெட்டின இடத்துல உள்ள பிளைவுட் தெரியும். அது காய்ஞ்சிருக்கணும். கறுத்து நாறினா அந்தப் பலகையில எந்த எஞ்சினும் மாட்டாதீங்க, முதல்ல பலகையை மாத்துங்க. காய்ஞ்சிருந்தா ரெசின் ரெண்டு பூச்சு, மேல ஃபைபர் மேட் ஒரு அடுக்கு.

கிளாம்ப் திருகை மட்டும் நம்பாதீங்க. 8 மில்லி துருப்பிடிக்காத போல்ட் ரெண்டு ஊடுருவ விட்டு, ஓட்டைக்குள்ள சீலன்ட், உள்பக்கம் அகல வாஷர். எஞ்சினைத் தினம் கழட்டுறவர்னா போல்ட்ல விங் நட் போடாதீங்க, அதிர்வுல கழண்டுடும். நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கிறது) போட்டு ஒரு ஸ்பானரைக் கூடவே கட்டி வச்சுக்குங்க. பாதுகாப்புக் கயிறு தனியா.

வெள்ளாப்பு
திரும்ப அளந்தேன். செங்குத்தா பதினஞ்சரை. பலகை சாஞ்சிருக்கு, அதான் 16 காட்டியிருக்கு.

ஸ்பானர்_16
அப்போ ஒரு அங்குலம் வெட்டினா போதும்.