பழைய கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்பிய கதைகளைச் சொல்லுங்க

மோட்_ரெண்டு:
பிபிசி மைக்ரோ, எண்பதுகளின் கம்ப்யூட்டர். பின்னாடி ஆர்எஸ்423, டேட்டாவை பிட் பிட்டா வாங்குற சீரியல் போர்ட். இந்தப் பக்கம் நிஜ சீரியல் போர்ட் உள்ள பழைய பிசி. போர்ட்டைத் தயார் பண்ற கட்டளைகள் *எஃப்எக்ஸ் 7,7, *எஃப்எக்ஸ் 2,1 எல்லாம் போட்டாச்சு, விநாடிக்கு 9600 பிட் வேகம். சின்ன ஃபைல்கள் ஒழுங்கா ஏறிச்சு. 20கே ஸ்கிரீன் ஒண்ணு, ஒரு முகம், பேசிக் மொழியில் ஒரு லூப் எழுதி வச்சு நேரா திரை மெமரியில் இறக்கினேன். நெத்தி வரைக்கும் சுத்தம். அதுக்குக் கீழே படம் நழுவ ஆரம்பிச்சுது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காது! எரர் எதுவும் இல்லை, ஃபைல் பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஒற்றைச்செருகி:
கேபிளைப் பாருங்க. பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த அரசோட கிளாஸ் திட்டத்தில் எங்க பள்ளிக்கு வந்ததும் இதே பிபிசிதான். அந்த அஞ்சு முள் செருகி தலைகீழாவும் உள்ளே போகும், அதை வடிவமைச்ச புண்ணியவான் யாரோ. எங்க லேபில் பிரிண்டர் பக்கம் இருந்த பையன் "சார், ஒண்ணுமே வரலை"ன்னு கத்த, சார் செருகியை உருவித் திருப்பிச் செருகினார். அந்த நொடியே பேப்பர் நகர்ந்துச்சு. உங்களுக்கும் அதேதான்.

மோட்_ரெண்டு:
அதேதான் இல்லைங்க. தலைகீழா இருந்தா நெத்தி எப்படி வந்துச்சு? விஷயம் பஃபரில் இருக்கு, அதாவது வந்த டேட்டா காத்திருக்கிற இடத்தில். மைக்ரோவோட சீரியல் பஃபர் 256 பைட். அதில் 9 இடம் மிச்சம் இருக்கும்போதுதான் "நிறுத்து"ன்னு ஆர்டிஎஸ் சிக்னல் போகும். பிசியில் சீரியல் போர்ட்டை நடத்துற 16550 சிப் அதுக்குள்ள 16 பைட் வரை தன் வயித்தில் வாங்கி வச்சிருக்கும். நிறுத்தச் சொன்னாலும் அதைத் துப்பிட்டுத்தான் ஓயும். 9 இடத்தில் 16 எங்கே உட்காரும்? சின்ன ஃபைல் பஃபருக்குள்ளேயே அடங்கிடுது, அதான் தப்பிச்சுது. 32 இடம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தச் சொல்ற *எஃப்எக்ஸ் 203,32 போட்டேன், முழு முகமும் வந்துடுச்சு. பிசி பக்கம் அந்த 16 பைட் வயித்தை (ஃபிஃபோ) அணைச்சாலும் சரியாகும்.

ஒற்றைச்செருகி:
சரி, ஒத்துக்கறேன். ஆனாலும் செருகியில் வெள்ளை பெயிண்ட் புள்ளி வைங்க.

சிவப்பு_சியான்:
நான் ஸ்பெக்ட்ரம் 48கே ஆளு, கேசட்டில் சத்தமா பதிஞ்ச புரோகிராமைக் கேட்டு ஏத்திக்கிற எண்பதுகளின் கம்ப்யூட்டர். இப்போ கேசட் இல்லை, அந்தச் சத்தத்தை வாங்குற இயர் (EAR) சாக்கெட்டுக்கு மொபைல்லேர்ந்து ஒயர். திரை ஓரத்துப் பார்டரில் சிவப்பும் சியானும் ஓடி, நீலமும் மஞ்சளும் ஓடி, படம் வந்து, கேம் முடியப் போற நேரத்தில் "டிங்". குடும்ப குரூப்பில் குட்மார்னிங் ரோஜா. ஆர் டேப் லோடிங் எரர், 0:1.

அதனால புதுசா செய்றவங்க கவனிங்க. முதல்ல ஏரோபிளேன் மோட். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், "ஒலி மேம்பாடு"ன்னு என்ன இருந்தாலும் அணைச்சிடுங்க. ஸ்பெக்ட்ரத்துக்குச் சங்கீத ஞானம் கிடையாது, அது பல்ஸோட நீளத்தை மட்டும்தான் அளக்கும். எம்பி3 ஆக்காதீங்க, வேவ் ஃபைலாவே வச்சுக்கங்க. வால்யூமை முழுசுக்கும் ஏத்துங்க, அப்பவும் பத்தலைன்னா நடுவில் சின்ன ஆம்ப் வைங்க. பார்டரில் கோடே வரலைன்னா வால்யூம் பத்தலை, இல்லைன்னா ஒயர். கோடு வந்து பாதியில் எரர்னா சத்தம் சிதையுது, கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. சாக்கெட் மோனோ, அதனால மோனோ ஒயரே வாங்குங்க. சார்ஜரைக் கழட்டிடுங்க, இரைச்சல் அதுவழியாவும் வரும்.

மோட்_ரெண்டு:
இதை யாரும் கேக்கலையே அண்ணே.

சிவப்பு_சியான்:
கேக்காமலே சொன்னாத்தான் தம்பி உண்டு. நீங்க பேசிக் லூப்பை விட்டுட்டு ஃபைல் அனுப்புற முறை எக்ஸ்மோடம் போடுங்க. 128 பைட்டுக்கு ஒருதரம் செக்சம் (சரிபார்க்கிற கூட்டுத்தொகை) பாத்து, தப்புன்னா அந்தத் துண்டை மறுபடி அனுப்பும். கடைசித் துண்டில் மிச்ச இடத்தில் குறியீட்டு எண் 26 உள்ள எழுத்தை ரொப்பி வைக்கும், அதை வெட்டி எடுத்துடுங்க.