ஓடும்போது எதிர்ப்பட்டவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒருவரைப் பற்றி எழுதுங்கள்

காலை கிரவுண்டு (ராஜபாளையம் பக்கம்)

என் வாரம் எல்லாருக்கும் உள்ளதுதான். செவ்வாய், வியாழன் கல்லூரி மைதானம், சனிக்கிழமை மகளின் கோ-கோ பயிற்சிக்குத் துணை, ஞாயிறு நெடுந்தூரம். போன செவ்வாய் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எல்லா ஊர் கிரவுண்டிலும் இருப்பார்கள், உங்களுக்கே தெரியும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அன்றைக்கு ஒரு பெண் தனியாக வந்திருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். செருப்பைக் கழற்றிப் பையோடு ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணே, உங்க வாட்ச்ல டைம் பாத்துச் சொல்றீங்களா?" என்றாள்.

முதல் தடவை 2:41. சொன்னேன். ஒன்றும் பேசாமல் சுண்ணாம்புக் கோட்டுக்குத் திரும்பி நடந்தாள். மூச்சு அடங்கியதும் இன்னொரு தடவை. கடைசி வளைவில் ஒரு கால் லேசாக இழுத்தது, ஆனாலும் விடவில்லை. 2:33. வந்த வேகத்தில் மண்ணில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். நெருஞ்சி முள். நகத்தால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டி, "இந்த முள்ளு மூணு செகண்டு இருக்கும்லண்ணே?" என்று கேட்டாள்.

இருக்கும் என்றேன். நிஜமாகவே இருக்கும். அதற்குள் ரோட்டில் மில் வேன் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். வியாழக்கிழமை வரவில்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

சித்திரை வீதி (ஸ்ரீரங்கம்)

எனக்கு மார்கழி. நான் ஓடுவது நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றி. எங்கள் ஊர் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மார்கழியில் நாலரை மணிக்கே வாசல் தெளித்துவிடுவார்கள், கோலம் பாதி வீதி வரைக்கும் வந்துவிடும். ஈரக் கோலத்தில் கால் வைக்கக் கூடாது என்று நான் வண்டி போகிற நடுப்பக்கத்துக்கு விலகி விலகி ஓடுவேன்.

ஒரு வீட்டு மாமி மட்டும் தினமும் நிமிர்ந்து பார்ப்பார். பேசியதில்லை. ஒருநாள் அவர் வாசலில் பெரிய சிக்குக் கோலம், ஆனால் இடது ஓரம் மட்டும் ஒரு முழத்துக்குக் காலியாக இருந்தது. அங்கே புள்ளியே வைக்கவில்லை. நான் வழக்கம்போல விலகப் போனேன். "உனக்குத்தான்டியம்மா இடம் விட்டிருக்கேன், ரோட்டுக்குப் போகாதே, பஸ் வரது" என்றார். மாதம் முழுக்க அந்த ஒரு முழம் அப்படியே இருந்தது. கோலம் தினம் மாறும், அது மாறாது.

கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு ஓட ஆரம்பித்தவள் நான். கைக்குழந்தையை விட்டுவிட்டு விடியலில் என்ன ஓட்டம் என்று கேட்காத ஆள் தெருவில் குறைவு. வீட்டில் என் மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெளியே இந்த ஒரு மாமி. இந்த மார்கழியில் அந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் கோலம். பிள்ளையோடு பெங்களூர் போய்விட்டாராம். நன்றி சொல்லவே இல்லை நான்.

பாளை நடையர் (பாளையங்கோட்டை)

வ.உ.சி. மைதானம் போகிற வழி, இருட்டு, ஐந்தாறு நாய்கள் சூழ்ந்துவிட்டன. ஒரு பால்காரர் டி.வி.எஸ். வண்டியைக் குறுக்கே விட்டு, "ஓடாதீய சார், நில்லுங்க, அதுக போயிரும்" என்றார். நின்றேன், போய்விட்டன. பால் கேன் இடித்து அவர் முழங்காலில் ரத்தம். துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடுவதைத்தான் அது துரத்தும். முறைத்துப் பார்க்க வேண்டாம், முதுகு காட்டவும் வேண்டாம், மெல்லப் பின்னால் நகருங்கள். கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட அதிக நேரம், கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலில் போடுகிற முறையில் முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்துக்கொண்டு, பிறகு 3, 7, 28-ம் நாள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் காயத்துக்குள்ளும் சுற்றியும் ஒரு மருந்து போடச் சொல்வார்கள், அதையும் மறுக்காதீர்கள். ரேபிஸ் நோய்க்குறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ராஜபாளையம் தம்பிக்கு: வெறுங்காலில் அந்தப் பெண்ணை ஓட விட்டிருக்கக் கூடாது. முதலில் ஒரு ஷூ வாங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

முன்னாள் 1500

பாளை ஐயா, நாய் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஷூ விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். மில் வேனுக்கு ஓடுகிற பெண்ணிடம் ஷூ வாங்கு என்று சொல்வது யாருக்கும் எளிது. நாங்கள் எல்லாரும் வெறுங்காலில் பயிற்சி எடுத்தவர்கள்தான்.

ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிற எத்தனை பேர் அந்த வேகத்தில் ஒன்றரை கிலோமீட்டர் தாங்குவார்கள் என்று ஓடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நானும் என் சேக்காளியும் ஒரே தெரு. விடிகாலையில் மிஸ்டு கால் கொடுத்து என்னை எழுப்புகிறவன் அவன்தான். என்னைவிட வேகமானவனும் அவன்தான். தேர்வு அன்றைக்கு ஒரே பேட்ச். விசில் ஊதியதும் எல்லாரும் பறந்தார்கள், அவனும் சேர்ந்து பறந்துவிட்டான். மூன்றே முக்கால் சுற்று. கடைசி நேர்கோட்டில் நான் அவனைத் தாண்டினேன். அவன் மூச்சுச் சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது. நான் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்க்கையில் ஏழு நிமிட விசில். கயிற்றைக் குறுக்கே பிடித்துவிட்டார்கள். அவன் கை அந்தக் கயிற்றில் இருந்தது, கால் இந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான், நன்றாகத்தான் ஓடுகிறது. என் பிள்ளையின் காதுகுத்துக்கு வந்து பந்தி முழுக்க அவனே பரிமாறினான். கிரவுண்டு பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

காலை கிரவுண்டு அண்ணே, அந்தப் பொண்ணு மறுபடி வந்தால் ஒன்று சொல்லுங்கள். 100 மீட்டருக்கு 37 வினாடி. அதற்கு வேகமாகவும் வேண்டாம், மெதுவாகவும் வேண்டாம். முதல் 100-ஐ முப்பதில் ஓடிவிட்டுக் கடைசியில் நடக்கிறவர்கள்தான் அதிகம். நாலு தடவை 37 என்றால் 2:28. நீங்கள் ஒவ்வொரு நூறுக்கும் குரல் கொடுத்தாலே போதும், அந்த உதவிதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பாளை நடையர்

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நெருஞ்சி முள் இருக்கிற மண்ணில் வெறுங்கால் என்பதை நான் இப்போதும் ஏற்கவில்லை. கான்வாஸ் ஷூ கூடப் போதும். கிரவுண்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிடலாம். இந்த மாதம் நான் போடுகிறேன்.

காலை கிரவுண்டு

37 வினாடிக் கணக்கைக் குறித்துக்கொண்டேன். இன்று காலை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து டிராக்கில் வளைவு ஓரத்து முள்ளை மண்வெட்டியால் செதுக்கி எடுத்தோம். மகளும் வந்தாள். அந்தப் பெண் வரவில்லை. ஷிஃப்ட் மாறியிருக்கலாம்.

கிழக்குக் கடற்கரை (சிங்கப்பூர்)

இங்கே ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சனிக்கிழமை காலை பார்க்ரன். 5 கிலோமீட்டர், இலவசம், ஓடலாம், நடக்கலாம். 2004-ல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. நடத்துவது எல்லாம் தொண்டர்கள்தான். அதில் எனக்குப் பிடித்த வேலை டெயில் வாக்கர். எல்லாருக்கும் பின்னால் நடந்து கடைசி ஆளாக முடிக்க வேண்டும். அதனால் வேறு யாரும் கடைசியாக வந்ததாக ஆகாது.

ஒரு வாரம் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். மகள் வேகமாக ஓடப் போய்விட்டார். இவர் வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்பில் நடந்தார். வழியெல்லாம் கடலையும் அதில் நிற்கிற கப்பல்களையும் பார்த்தபடி வந்தார். பேச்சு முழுக்க விவசாயம். கஜா புயலில் போன தென்னையை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார், எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்றுகூட. முடிகிற இடம் தெரிந்ததும் நின்றுவிட்டார். "நாந்தான் கடைசியா தம்பி?"

"இல்லைங்க ஐயா, நான்தான் கடைசி. என் வேலையே அதுதான்."

நான் போட்டிருந்த சட்டையை உற்றுப் பார்த்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, "அப்ப சேந்தே போயிருவோம்" என்றார். பிடித்த கை அவ்வளவு சொரசொரப்பு. அங்கே நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். மகள் அழுதுகொண்டிருந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கு முன்பே அவர் ஊர் திரும்பிவிட்டார். நம் ஊரில் இப்படி நடத்துவதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. அளந்த பாதை, ஒரு கைக்கடிகாரம், பின்னால் நடக்க ஒருவர். பட்டுக்கோட்டைப் பக்கம் ஓடுகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். எப்படி நடத்துவது என்று எழுதித் தருகிறேன். அவர் கண்டிப்பாக வருவார்.