பொதுக்கூடத்தைப் பூட்டிவைப்பதா, திறந்துவிடுவதா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் எங்கள் தனியார் கட்டடத்தில் கீழே கடைகளும் அலுவலகங்களும், மேலே வீடுகள். ஐந்தாம் மாடிப் பொதுக்கூடம் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். பாதி நாள் இருட்டாகவே கிடக்கிறது. எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்றேன், கூட்டத்தில் பெரிய சண்டை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாடிக்கணக்கர்:
பூட்டு இருக்கட்டும் தம்பி. எங்கள் கட்டட நிர்வாகக் குழுவில் நான்கு வருடம் இருந்தவன் சொல்கிறேன். நாங்களும் திறந்துவைத்தோம். அலுவலகத்து ஆட்கள் மதியம் சாப்பிட்ட பொட்டலத்தை மேசையிலேயே விட்டுப்போனார்கள். இரவு பதினொரு மணிக்கும் பேச்சுச் சத்தம். மேல்வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்தத் தாய் என் வீட்டு வாசலில் வந்து அழுதார்.

உட்லண்ட்ஸ்காரி:
அந்தத் தாய்க்காக வருத்தப்படுகிறேன் ஐயா. ஆனால் கூடம் ஐந்தாம் மாடியில் இருப்பதுதான் முதல் கோளாறு. வேலை மெனக்கெட்டு அங்கே யார் ஏறுவார்கள்? எங்கள் உட்லண்ட்ஸில் இருக்கும் கம்போங் அட்மிரல்ட்டி கட்டடத்தைப் பாருங்கள். 0.9 ஹெக்டர் நிலம்தான். மூத்தோருக்கான 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, கடைகள், பாலர் பராமரிப்பு நிலையம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். தரைத்தளத்தில் நிழலான பெரிய சதுக்கம். எம்ஆர்டி ரயிலில் இறங்கி வருபவர், மருத்துவரைப் பார்க்கப் போகிறவர், காப்பி குடிக்கப் போகிறவர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். என் அம்மா மாத்திரை வாங்கப் போனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். வழியில் நாலு பேரைப் பார்த்துவிடுவார். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அந்த விருதைவிட அம்மாவின் ஒரு மணி நேரம்தான் பெரிது.

மாடிக்கணக்கர்:
அது அரசு கட்டியது அம்மா. தனியார் கட்டடத்தில் தரைத்தளத்தின் ஒவ்வோர் அடியும் வாடகை. சும்மா விட யார் சம்மதிப்பார்கள்?

வரைபடமாணவன்:
சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் தனியார் கட்டியதுதானே ஐயா? 1973இலேயே கடைகள், அலுவலகங்கள், அவற்றின்மேல் வீடுகள் என்று கட்டி, நடுவில் பல மாடி உயரத்துக்குப் பெரிய கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அங்கே கூட்டம் வந்ததால் கடைகளுக்கும் வியாபாரம் வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தையும் நினைத்துப் பாருங்கள். தூணும் தரையும்தான். ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு. முன்பதிவு அங்கேயும் உண்டு, ஆனால் மற்ற நாளில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

உட்லண்ட்ஸ்காரி:
சத்தத்தைப் பற்றி ஐயா சொன்னது சரி. படுக்கையறைக்குப் பக்கத்தில் கூடம் வைத்தால் பூட்டத்தான் வேண்டிவரும். அது வரைபடத்திலேயே செய்த தவறு.

ஈசூன்வாசி:
எங்கள் தபால்பெட்டிகள் தரைத்தளத்தில், மின்தூக்கிக்கு எதிரே. அங்கே நல்ல இடம் காலியாக இருக்கிறது. நாலு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் கேட்டுப் பார்க்கிறேன்.

மாடிக்கணக்கர்:
கேளுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைப்பது யார், துடைப்பது யார் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். மேலே இருக்கும் கூடத்துக்குப் பூட்டு வேண்டும் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன்.