புதுப்பிப்பு: டீயில் சர்க்கரை குறைத்தது (தருமபுரி)

எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரைச் சோதனை) 6.2 சதவீதம் வந்திருக்கிறது, டீயில் சர்க்கரையை விட முடியவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. இப்போது அரை ஸ்பூன், சுமார் 2 கிராம், அதுவே தித்திக்கிறது. வெல்லத்துக்கு மாறியது உதவவில்லை, அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தானே. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்தச் சோதனை இப்போது 5.8.

எதிர்பாராதது சாயங்காலப் பசி. டீக்கடை பிஸ்கட்டில் கை போய்விடும், அதிலும் சர்க்கரை. மதியம் ராகிக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டால் அந்தப் பசி எடுப்பதில்லை. களியும் மாவுச்சத்துதான், அதனால் ஒரு உருண்டையோடு சரி. அப்புறம், மாம்பழ சீசனில் ஜூஸ் வேண்டாம், பழமாகவே இரண்டு துண்டு போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.